‘கண்ணு நல்லாத்தானே தெரியுது?’ – நாலில் ஒருவருக்கு சுகர் உள்ள புதுச்சேரியில் விழித்திரையைக் கவனிப்பது யார்?

சுகர் இருக்கும் ஒருவரிடம் “கண்ணை டெஸ்ட் பண்ணீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது, பேப்பரே கண்ணாடி இல்லாமத்தான் படிக்கிறேன்” என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே நன்றாகத்தான் தெரியும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுக்கத் தொடங்கிய பிறகும், பார்வையில் துளி மாற்றம்கூட இல்லாமல் பல வருடங்கள் ஓடிவிடலாம். மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும் நாளில் நோய் பாதி தூரம் வந்திருக்கும்.

புதுச்சேரிக்காரர்கள் இதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படிக்கக் காரணம் இருக்கிறது. ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் தேசிய முடிவுகள் 2023 ஜூனில் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியாகின. 2008 முதல் 2020 வரை, எல்லா மாநிலங்களிலும் 20 வயதைக் கடந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பரிசோதித்த ஆய்வு அது. நாட்டில் 11.4% பேருக்குச் சர்க்கரை நோய், எண்ணிக்கையில் 10.1 கோடி. பட்டியலில் முதலிடம் கோவாவுக்கு, 26.4%. இரண்டாமிடம் புதுச்சேரிக்கு, 26.3%. சுற்றி இருக்கும் தமிழ்நாட்டில் 14.4% தான். வீக் எண்ட் ட்ரிப் என்றதும் இளைஞர்கள் கிளம்பும் இரண்டு ஊர்களும் இந்தப் பட்டியலிலும் முதல் இரண்டு இடங்களில் இருப்பது சிரிக்கவும் முடியாத, ஒதுக்கவும் முடியாத பொருத்தம். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வதில், அதாவது நம் ஊர் மொழியில் தொப்பையில், புதுச்சேரிதான் நாட்டிலேயே முதலிடம்: 61.2%.

நாலு பேர் சேர்ந்து டீ குடித்தால் அதில் ஒருவருக்கு சுகர் என்பது இங்கே பேச்சு வழக்கில்லை, கணக்கு. உங்களுக்கு இல்லை என்றால் அப்பாவுக்கு இருக்கும், இல்லை மாமியாருக்கு. அவர்கள் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஓதம் ஏறிய சுவர்

கண்ணின் பின்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. வெளிச்சத்தை வாங்கி மூளைக்கு அனுப்பும் வேலை அதனுடையது. உடலிலேயே அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் இதுவும் ஒன்று. அந்த ஆக்சிஜனைக் கொண்டுவருவது தலைமுடியைவிடச் சன்னமான ரத்தக் குழாய்கள். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அதிகமாகவே இருந்தால், இந்தக் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. பிடிமானம் போன இடத்தில் குழாய் சின்னக் கொப்புளமாகப் புடைக்கிறது. டயாபடிக் ரெட்டினோபதி என்று மருத்துவர்கள் சொல்லும் விழித்திரைப் பாதிப்பில், பரிசோதனையில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்தச் செம்புள்ளிகள்தான். கொப்புளங்கள் கசியும், சில உடையும், சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

கசிவு எப்படி இருக்கும் என்று புரிய, கடலோரத்துப் பழைய வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே ஈரம் ஏறும்போது வெளியில் எதுவும் தெரியாது. கொஞ்ச நாளில் பெயின்ட் உப்பும். ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்து நிற்கும். விழித்திரையிலும் கிட்டத்தட்ட இதே கதை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து திசு உப்புகிறது. நீர் வடிந்த பிறகு, அதிலிருந்த கொழுப்பு மஞ்சள் திட்டுகளாகத் தங்கிவிடுகிறது. சுவரின் மூலையில் ஓதம் ஏறினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். விழித்திரையின் நட்டநடுவே இருக்கும் மேக்குலாவில் ஏறினால்தான் சிக்கல். எழுத்து படிப்பது, முகம் அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாமே அந்தச் சின்ன இடத்தை நம்பித்தான் நடக்கின்றன. அங்கே நீர் கோத்தால் நேரான ஜன்னல் கம்பி வளைந்து தெரியும், எழுத்துகள் கலங்கும். சர்க்கரை நோயாளிகள் பார்வை இழக்க மிகப் பொதுவான காரணம் இந்த மேக்குலா வீக்கம்தான்.

குழாய்கள் அடைத்துக்கொண்டால் நடப்பது வேறு, இன்னும் மோசம். ரத்தம் கிடைக்காத விழித்திரை பட்டினி கிடக்கிறது. ‘எனக்குப் புதுக் குழாய் வேண்டும்’ என்று ஒரு ரசாயனச் செய்தியை வெளியிடுகிறது. விஈஜிஎஃப் என்ற புரதம்தான் அந்தச் செய்தி. உடல் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அவசர அவசரமாகப் புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கிறது. ஒப்பந்ததாரர் அவசரத்தில் போட்ட லைன் மாதிரி, அவை தரமில்லாதவை. தும்மினால்கூட உடையலாம், தூங்கும்போதும் உடையலாம். உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் நிறையும். நாளடைவில் அந்தக் குழாய்களோடு சேர்ந்து தழும்பும் வளர்ந்து, சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுக்கும்.

இவ்வளவு நடந்தும் ஏன் தெரியவில்லை? விழித்திரைக்கு வலி தெரியாது. பாதிப்பு பெரும்பாலும் ஓரங்களில் தொடங்குகிறது. நாம் படிப்பதும் பார்ப்பதும் நடுப்பகுதியால். ஒரு கண் பின்தங்கினால் இன்னொரு கண் சத்தமில்லாமல் அதன் வேலையையும் செய்துவிடும். பலருக்கு ஒரு கண் மங்கிவிட்டது என்பதே தற்செயலாக மற்ற கண்ணைக் கசக்கும்போதுதான் தெரிய வருகிறது.

யாருக்கு வரும், எப்போது வரும்?

எல்லாருக்கும் வருவதில்லை, ஆனால் காலம் போகப் போக வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். ஸ்மார்ட் இந்தியா என்ற ஆய்வு 2022-ல் வெளியானது. 40 வயதைக் கடந்த இந்தியச் சர்க்கரை நோயாளிகளில் 12.5% பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. பார்வையையே பறிக்கக்கூடிய கட்டத்தில் 4% பேர். சதவீதம் சின்னதாகத் தோன்றலாம். கோடிக்கணக்கான சர்க்கரை நோயாளிகள் உள்ள நாட்டில் அந்த 4% என்பது பல லட்சம் பேர். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த பழைய ஆய்வு ஒன்று இன்னொரு உண்மையைச் சொன்னது: 20 வருடம் சர்க்கரை நோயோடு வாழ்ந்த பிறகு, டைப் 1 உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும், டைப் 2 உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கும் ஏதோ ஒரு அளவில் பாதிப்பு இருந்தது. இன்றைய சிகிச்சையில் அந்த நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது என்றாலும், வருடக் கணக்கு முக்கியம் என்பது மாறவில்லை.

இளைஞர்கள் கவனிக்க வேண்டியதும் அதைத்தான். தாத்தாவுக்கு 60 வயதில் சுகர் வந்தது, 75 வரை 15 வருடம். பேரனுக்கு ஐடி கம்பெனி ஹெல்த் செக்கப்பில் 30 வயதில் தெரிய வருகிறது. ரிட்டயர் ஆவதற்குள் அவனுடைய விழித்திரை 30 வருடச் சர்க்கரையைப் பார்த்திருக்கும். பிபி அதிகம், கொலஸ்ட்ரால், சிறுநீரகப் பாதிப்பு, புகை இவையும் சேர்ந்தால் வேகம் கூடும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண் கர்ப்பமானால் பாதிப்பு சட்டென்று தீவிரமாகலாம் என்பதால், கர்ப்பத்துக்கு முன்போ முதல் மூன்று மாதத்துக்குள்ளோ கண் பரிசோதனை கட்டாயம். கர்ப்ப காலத்தில் மட்டும் வந்து போகும் சர்க்கரைக்கு இது பொருந்தாது.

போன் பார்ப்பதால் இந்த நோய் வராது. பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் சாப்பிட்டால் போகவும் போகாது. கீரை உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் விழித்திரையில் கசிவது வைட்டமின் குறைவால் அல்ல.

கண்ணாடிக் கடை டெஸ்ட் போதாதா?

போதாது. குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி பவர் பார்ப்பது கண்ணின் முன்பக்க வேலை. கடைசி வரியைப் படித்துவிட்டு “சிக்ஸ் பை சிக்ஸ்” என்று சந்தோஷமாக வெளியே வருபவருடைய விழித்திரை ஓரங்களில் புதுக் குழாய்கள் முளைத்துக்கொண்டிருக்கலாம். பவர் தொடர்பாக இன்னொரு விஷயம்: சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸின் நீர்ச்சத்து மாறி, பவரும் மாறும். மாத்திரை ஆரம்பித்த புதிதில் மங்கலாகத் தெரிகிறது என்று ஓடிப்போய்ப் புதுக் கண்ணாடி வாங்கினால், சில வாரத்தில் அது ஒத்துவராது. சுகர் நிலைப்படும் வரை காத்திருப்பது பர்ஸுக்கு நல்லது.

தேவைப்படுவது விழித்திரைப் பரிசோதனை. சொட்டு மருந்து விட்டு, 20–30 நிமிடம் கண்ணை மூடி உட்கார வைப்பார்கள். பாப்பா விரிந்ததும் மருத்துவர் லென்ஸ் வைத்து உள்ளே முழுக்கப் பார்ப்பார். சில இடங்களில் ஃபண்டஸ் கேமராவில் படம் மட்டும் எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஓசிடி ஸ்கேன், மேக்குலாவின் குறுக்குவெட்டை அடுக்கடுக்காகக் காட்டிவிடும். எதிலும் வலி இல்லை. மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். தவளக்குப்பத்திலிருந்தோ கோரிமேட்டிலிருந்தோ பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு திரும்பலாம் என்று நினைக்க வேண்டாம். துணைக்கு ஒருவரும் ஒரு கூலிங் கிளாஸும் போதும்.

எப்போது? டைப் 2 என்றால் நோய் கண்டுபிடித்த அன்றே முதல் பரிசோதனைக்கான தேதி வந்துவிட்டது என்று அர்த்தம். காரணம், டைப் 2 சர்க்கரை சத்தமில்லாமல் சில வருடம் உள்ளே இருந்துவிட்டுத்தான் ரிப்போர்ட்டில் தலை காட்டுகிறது. டைப் 1 என்றால் வந்த ஐந்து வருடத்துக்குள். அதன் பிறகு வருடம் ஒருமுறை. பாதிப்பு இருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

ஆசிரமத்திலிருந்து அல்காரிதம் வரை

வசதி இல்லாத ஊர் என்று புதுச்சேரியைச் சொல்ல முடியாது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இங்கே இருக்கிறது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அரவிந்த் மதுரையில் பிறந்த நிறுவனம் என்றாலும் அதன் பெயர் புதுச்சேரியிலிருந்து போனது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தர் மீது இருந்த பற்றால் அவர் பெயரையே வைத்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த மனிதர் அவர்.

கண்புரைக்குப் பெயர் பெற்ற அந்த நிறுவனம், விழித்திரைப் பாதிப்பைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்ததிலும் பங்கெடுத்தது. 2016 டிசம்பரில் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஜாமா இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபண்டஸ் படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் அல்காரிதம் அது. பயிற்சிக்குப் பயன்பட்டவை 1,28,175 படங்கள். அமெரிக்காவிலிருந்தும் அரவிந்த் உள்ளிட்ட மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. சோதித்துப் பார்த்த தொகுப்புகளில் ஒன்று பிரான்ஸிலிருந்து வந்தது என்பது புதுச்சேரிக்காரர்களுக்கான துணுக்கு. மருத்துவர்களுக்கு நிகராக அது கண்டுபிடித்தது. 2019-ல் மதுரை அரவிந்தில் நோயாளிகளிடம் நடைமுறைக்கும் வந்தது.

ஏஐ வந்துவிட்டது, இனி கவலை இல்லை என்று சொல்லிவிடலாமா? தாய்லாந்து கிளினிக்குகளில் இதே அமைப்பை வைத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு படத்தை ‘தெளிவில்லை’ என்று அது திருப்பி அனுப்பியது. அறையை இருட்டாக்க வசதியில்லை, கூட்டம் அதிகம், இன்டர்நெட் மெதுவாக இருந்தது. இயந்திரம் படத்தைத்தான் படிக்கும்; ஆளைக் கேமரா முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பது இன்னமும் மனிதர்கள் வேலை.

அந்த வேலையை ஒழுங்காகச் செய்த நாடு இங்கிலாந்து. 2003-ல் தேசியத் திட்டம் தொடங்கி, 12 வயதைக் கடந்த ஒவ்வொரு சர்க்கரை நோயாளியையும் பட்டியலில் சேர்த்து, ‘கண்ணைக் காட்ட வாருங்கள்’ என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். வராதவருக்கு மறுபடி கடிதம். விளைவு 2014-ல் தெரிந்தது: வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமாகக் குறைந்தது 50 வருடம் இருந்துவந்த சர்க்கரை நோய், முதல் முறையாக அந்த இடத்திலிருந்து இறங்கியது. அங்கே புது மருந்து ஏதும் கண்டுபிடிக்கப்பட்டதால் மட்டும் நடந்ததல்ல. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும், தேதி தவறாமல் கூப்பிட்டதும்தான் காரணங்கள் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நம் ஊரில் அப்படி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஏற்பாடு இல்லை. கரன்ட் பில்லுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ரிமைண்டர் வைக்கும் போனில், அப்பாவின் கண் பரிசோதனைக்கும் ஒன்று வைக்கலாம்.

கிரகணம் கொடுத்த சிகிச்சை

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பழமொழி இருக்கிறது. விழித்திரை லேசரின் கதை இதைத் தலைகீழாக்கியது. 1945 சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை வெந்துபோன ஒரு மருத்துவ மாணவரின் கண்ணை, கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத் என்ற ஜெர்மன் மருத்துவர் பார்த்தார். வெளிச்சத்தால் இவ்வளவு துல்லியமாகச் சுட முடியும் என்றால், நோயுள்ள இடத்தை வேண்டுமென்றே சுட்டால் என்ன என்று யோசித்தார். முதலில் கண்ணாடிகளால் சூரிய ஒளியையே திருப்பிப் பயன்படுத்தினார். பிறகு விளக்கு வந்தது, அதன் பிறகு லேசர். பட்டினி கிடக்கும் ஓரப் பகுதியைச் சிறு சிறு புள்ளிகளாகச் சுட்டுவிட்டால், ‘குழாய் வேண்டும்’ என்ற அலறல் அடங்கும். புதுக் குழாய்கள் சுருங்கும். கடுமையான பார்வை இழப்பை இது பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 1976-லேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. விலையும் உண்டு: இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். லேசர் போன பார்வையைத் திருப்பித் தருவதற்கல்ல, இருப்பதைக் காப்பாற்றுவதற்கு. “லேசர் பண்ணியும் ஒண்ணும் தெளிவாகலையே” என்று வருத்தப்படும் பலருக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

மேக்குலா வீக்கத்துக்கு இப்போது முதல் சிகிச்சை ஊசி. கண்ணுக்குள் ஊசி என்றதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள். போடுவதற்குச் சில நொடிகள்தான். விஈஜிஎஃப் புரதத்தைத் தடுக்கும் மருந்து அது. பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்று மூன்று பரவலாகப் புழக்கத்தில் உள்ளன. முதலாவது புற்றுநோய்க்காக வந்த மருந்து. கண்ணுக்குச் சிறு அளவாகப் பிரித்துப் பயன்படுத்துவதால் விலை மிகக் குறைவு. 2015-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், தொடங்கும்போது பார்வை ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பலன் தந்தன. பார்வை ஏற்கெனவே மோசமாக இருந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அஃப்லிபெர்செப்ட் கூடுதலாக உதவியது. சீக்கிரம் வந்தவருக்குச் செலவும் குறையலாம் என்பது இதில் மறைந்திருக்கும் செய்தி. எந்த மருந்து, ஏன், கிருமி புகாமல் பிரித்த மருந்தா என்று மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

உண்மையான சோதனை ஊசி அல்ல, அதன் எண்ணிக்கை. ஆரம்பத்தில் மாதம் ஒன்று, சில மாதங்களுக்கு. பிறகு இடைவெளி விட்டு. ஒவ்வொரு முறையும் லீவு, துணைக்கு ஆள், பஸ், செலவு. இரண்டு ஊசியில் கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வீக்கம் திரும்ப வரும்போது அவர்கள் பழைய இடத்தைவிடப் பின்னால் போயிருப்பார்கள். வீட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகள் பணத்தைவிட அதிகமாகத் தர வேண்டியது அந்த அரை நாள்.

ரத்தம் நிறைந்து கலையாமல் நின்றாலோ, தழும்பு விழித்திரையை இழுத்தாலோ விட்ரெக்டமி என்ற அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை அகற்றி, தழும்பை உரித்தெடுப்பது. 1970-களில் மியாமியில் ராபர்ட் மாஹெமர் வழிகாட்டிய இந்த முறை இல்லாத காலத்தில், அந்தக் கண்கள் கைவிடப்பட்டவையாகத்தான் இருந்தன.

சர்க்கரையை எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம்?

1993-ல் வெளியான டிசிசிடி ஆய்வு, டைப் 1 உள்ளவர்கள் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியதில் விழித்திரைப் பாதிப்பு புதிதாக வருவது 76% குறைந்ததைக் காட்டியது. 1998-ல் பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு, டைப் 2 உள்ளவர்கள் பிபியைக் கட்டுக்குள் வைத்தாலே பாதிப்பு முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைவதாகச் சொன்னது. கண்ணுக்காக பிபி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவர் நம்மில் எத்தனை பேர்?

ஒரு சின்னத் திருப்பமும் உண்டு. பல வருடம் 11, 12 என்று இருந்த எச்பிஏ1சியைச் சில மாதத்தில் 6-க்கு இறக்கினால், ஏற்கெனவே பாதிப்புள்ள விழித்திரை தற்காலிகமாக மோசமாகலாம். எடை குறைக்கவும் இப்போது பேசப்படும் செமாக்ளுடைடின் 2016 ஆய்வில், அந்த மருந்து எடுத்தவர்களில் 3% பேருக்கும், எடுக்காதவர்களில் 1.8% பேருக்கும் விழித்திரைச் சிக்கல் வந்தது. சர்க்கரை வேகமாக இறங்கியதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம். நீண்ட காலப் பலன் கட்டுப்பாட்டுப் பக்கம்தான். அந்த ஊசியைத் தொடங்கும் முன் ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிட வேண்டும். ஜிம் நண்பர் சொன்னார் என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

கண் பரிசோதனைக்குப் போகும்போது கடைசியாக எடுத்த எச்பிஏ1சி, பிபி, கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் ரிப்போர்ட்டுகளையும் மருந்துச் சீட்டையும் கையில் வைத்திருங்கள். கண்புரை ஆபரேஷன் திட்டமிட்டிருந்தால், அதற்கு முன் விழித்திரையைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை ஒரு கண்ணைக் கையால் மூடி, எதிரே உள்ள ஜன்னல் கம்பியையோ டைல்ஸ் கோட்டையோ பாருங்கள். பிறகு மறு கண். இது வருடாந்திரப் பரிசோதனைக்குப் பதிலாகாது, இரண்டுக்கும் நடுவே ஒரு காவல். திடீரென்று கரும்புள்ளிகள் கொத்தாக மிதந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, ஒரு பக்கமிருந்து திரை இறங்குவதுபோல் மறைத்தாலோ, அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அன்றைக்கே விழித்திரை மருத்துவர் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.